மார்க்குக்குத் திரும்பி நடக்கும்போது

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்த மைதானத்தின் ஓரமாக நடந்தாலும் ஒரு சத்தம் காதில் விழும். மிட்-ஆஃபில் நிற்கிற சீனியரோ, நெட்ஸுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கோச்சோ, ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கும் அப்பாவோ கத்திக்கொண்டிருப்பார்கள்: "டேய், கான்ஃபிடன்ட்டா போடுடா!" பந்தைக் கையில் வைத்திருக்கும் பையன் தலையை ஆட்டுவான். பிறகு முன்பைவிட வேகமாக ஓடிவந்து, முன்பைவிட மோசமாக ஒரு பந்தைப் போடுவான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. விரலை இப்படி வை என்றால் வைக்கலாம். இடது கையை உயர்த்து என்றால் உயர்த்தலாம். நம்பிக்கையோடு போடு என்றால் எதை அசைப்பது?

நான் சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் நெடுங்காலம் ஆஃப் ஸ்பின் போட்டவன். இப்போதும் கூப்பிட்டால் போடுவேன். மற்ற நேரத்தில் சின்னப் பையன்களுக்குப் பந்துவீச்சு சொல்லித்தருகிறேன். என் பெயரை எந்தப் பத்திரிகையின் ஸ்கோர் கார்டிலும் தேடிக் கண்டுபிடிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் ஒரு பந்தை விரல்களுக்கிடையே வைத்துச் சுண்டி விடும்போது அது காற்றில் எழுப்பும் 'விர்ர்' சத்தத்தைக் கேட்பதற்காகவே வெயிலில் நின்றவர்களில் நானும் ஒருவன். பந்துவீச்சில் மனதின் பங்கு என்ன என்று யோசித்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் செய்வதெல்லாம் பதில் வேலை. பந்து வரும், ஆடுவான். வேகப்பந்தென்றால் அரை விநாடிகூட அவனுக்குக் கிடைக்காது. யோசிக்க இடமே இல்லை. பௌலர் கதை வேறு. அவன் ஓடிவந்தால்தான் ஆட்டமே நகரும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் திரும்பி நடக்க வேண்டும், மார்க்கில் நிற்க வேண்டும், மறுபடி ஓடிவர வேண்டும். அவ்வளவு நேரமும் மண்டைக்குள் ஏதாவது ஓடிக்கொண்டேயிருக்கும். போன பந்து எங்கே போனது, கேப்டன் ஏன் அப்படிப் பார்த்தார், அடுத்த ஓவர் கிடைக்குமா, அந்த வைடுக்கு அப்பா என்ன சொல்வார். பந்துவீச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் கை கெட்டதால் அல்ல, இந்த நடையில்தான் என்பது என் கட்சி.

சரி, பயந்தால் பந்துக்கு என்ன ஆகிறது? இதைக் கொஞ்சம் நுணுக்கமாகவே பார்க்க வேண்டும். 'மைண்ட்செட்' பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இதைப் பார்ப்பதில்லை.

ஒரு சிக்ஸர் விழுகிறது. ஆஃப் ஸ்பின் போடும் பையன் என்றே வைத்துக்கொள்வோம். பயம் முதலில் அவன் விரலுக்கு வரும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பந்தை இறுக்கிப் பிடிக்கும். பிடி இறுகினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். மணிக்கட்டு பூட்டிக்கொண்டால் பந்தைச் சுழற்ற முடியாது, தள்ளத்தான் முடியும். இதற்குள் கால்கள் அவசரப்பட ஆரம்பித்திருக்கும். சீக்கிரம் போட்டு முடித்துவிட்டால் தேவலை என்று உடம்பு நினைக்கிறது. ஓட்டம் வேகமாகிறது, முன்கை உயராமலே கீழே விழுகிறது, தலை ஒருபக்கம் சாய்கிறது. பந்து தட்டையாக, குட்டையாகப் போய் விழுகிறது. பேட்ஸ்மேன் பின்னங்காலில் நின்று மிட்விக்கெட்டுக்கு மேலே சாத்துகிறான்.

இப்போது பையனுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது: ஷார்ட்டாகப் போட்டுவிட்டோம். அடுத்ததை முன்னால் போட வேண்டும். ஆனால் விரல் இன்னும் தளரவில்லை, முன்கை இன்னும் உயரவில்லை. அதே கெட்ட ஆக்‌ஷனை வைத்துக்கொண்டு லென்த்தை மட்டும் மாற்றப் பார்க்கிறான். விளைவு ஃபுல் டாஸ். அதற்கும் அடி. வேகமாகப் போடுகிறவனுக்கு வடிவம் வேறு: இன்னும் வேகம் வேண்டுமென்று ஓட்டத்தின் தாளத்தை மீறி ஓடிவருவான், கடைசி எட்டு நீளும், நோ-பால். மூன்று பந்துகளில் ஒரு ஓவர் பாழாவது இப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, பயம் சொல்லித்தரும் தற்காப்புதான் பௌலருக்குப் பெரிய ஆபத்து. 'பத்திரமாகப் போடு, ரொம்பச் சுழற்றாதே, கன்ட்ரோல் போய்விடும்' என்று அது சொல்கிறது. பத்திரமாக உருட்டிவிட்ட பந்து காற்றிலும் ஏமாற்றாது, தரையிலும் ஏமாற்றாது. பேட்ஸ்மேன் காத்திருப்பதே அந்தப் பந்துக்குத்தான். நான் பையன்களுக்குச் சொல்வது நேர்மாறு: அடி விழுந்தால் அடுத்த பந்தை இன்னும் அதிகமாகச் சுழற்று. விரலும் மணிக்கட்டும் முழுதாக வேலை செய்தால் கை தானாக முழு வட்டம் போகும், தலை நிலைக்கும். நன்றாகச் சுழலும் பந்து கடைசி நேரத்தில் 'டிப்' ஆகும். லென்த் ஒரு சாண் தப்பினாலும் எழும்பிக் காப்பாற்றும். 'தைரியமாக இரு' என்று விரலிடம் சொல்லிப் பயனில்லை. 'சுழற்று' என்று சொன்னால் விரலுக்குப் புரியும். அந்த ஒரு செயலுக்குள் தைரியமும் அடக்கம்.

பல வருஷம் மேட்டிங் விக்கெட்டில் போட்டுப் பழகிய ஸ்பின்னர்கள் டர்ஃப்புக்கு வந்ததும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பாயில் குத்தினால் பந்து பிடித்துக்கொண்டு எழும்பும். எல்லா ஆஃப் ஸ்பின்னரும் அங்கே அந்தக்கால மேதை பிரசன்னாதான். அந்த நம்பிக்கை பாய் கொடுத்தது, விரல் கொடுத்தது அல்ல. டர்ஃப்பின் முதல் சீசனிலேயே அது கரைந்துவிடும். நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமிருக்கிறது. கண்ணாடி முன் நின்று 'நான் சிறந்தவன்' என்று சொல்லிக்கொள்வதும், போனில் இசை போட்ட உத்வேக வீடியோக்களைப் பார்ப்பதும் முதல் பவுண்டரி வரைக்கும் தாங்கும். அடி விழும்போதும் கைவிடாத ஒரு பந்து, நட்ட நடு ராத்திரியில் எழுப்பிப் போடச் சொன்னாலும் அதே இடத்தில் விழும் ஒரு பந்து கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை ஸ்டாக் பால் என்கிறோம். அது இல்லாதவனுக்கு எந்த மனோதத்துவமும் உதவாது.

வருண் சக்ரவர்த்தியின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு, விக்கெட் கீப்பராக இருந்து, மீடியம் பேஸ் போட்டு, முழங்கால் அடிபட்டு ஸ்பின்னுக்கு வந்தவர். 2018 டிஎன்பிஎல்லில் மதுரை அணிக்கு ஆடிய ஆட்டத்தால் 8.4 கோடிக்கு ஐபிஎல்லில் போனார். 2019இல் ஈடன் கார்டனில் அவர் போட்ட முதல் ஐபிஎல் ஓவரிலேயே 25 ரன். அதிலிருந்து எழுந்து இந்திய அணிக்கு வந்தார். 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம், ஒரு விக்கெட் இல்லை. அத்தோடு மூன்று வருஷம் வெளியே. ஊரே ஏசியது, மிரட்டல் போன்கள்கூட வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த இடைவெளியில் அவர் உட்கார்ந்து தியானம் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பந்தை மாற்றினார். அதுவரை பந்தைப் பக்கவாட்டில் சுழற்றிக்கொண்டிருந்தவர், மேலிருந்து முன்னோக்கிச் சுழலும்படி, அதாவது ஓவர்ஸ்பின் வரும்படி மாற்றிக்கொண்டார். கேட்க சின்ன விஷயம். செய்து பார்த்தால்தான் தெரியும், எலும்பில் ஊறிய பழக்கத்தைப் பிடுங்கி மறுபடி நடுவது அது. அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. 2024 அக்டோபரில் குவாலியரில் வங்கதேசத்துக்கு எதிராகத் திரும்பி வந்தார். அடுத்த மாதமே தென்னாப்பிரிக்காவில் 17 ரன்னுக்கு 5 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5. டிவியில் அவர் முகத்தைப் பார்த்து 'என்ன கான்ஃபிடன்ஸ்!' என்றார்கள். முகத்தில் தெரிந்தது அந்த இரண்டு வருஷத்து வேலை.

அஸ்வினுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் ஓவர் ஓவராகப் போட்டும் விக்கெட் இல்லை. அடுத்த டெஸ்டிலேயே இடம் போனது. 2014 ஆகஸ்ட்டில் மான்செஸ்டரில்தான் டெஸ்ட் அணிக்குத் திரும்பினார். நடுவில் ஆக்‌ஷனைச் சீர்திருத்தினார். 2015இல் இலங்கையில் மூன்று டெஸ்டில் 21 விக்கெட். 537 விக்கெட்டோடு ஓய்வு பெற்றவருக்கே வேண்டாத ஆளாகி உட்கார்ந்த மாதங்கள் உண்டு என்பதைப் பையன்களுக்கு அடிக்கடி சொல்வேன். அவர்கள் 537 என்ற எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போவார்கள். வயசு அப்படி.

ஸ்டாக் பால் கைவந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த நடை இருக்கிறது. அதை என்ன செய்வது?

எங்கள் நெட்ஸில் இடது கை ஸ்பின் போடும் ஒரு பையன் இருக்கிறான். நல்ல விரல். ஆட்டத்தில் மட்டும் பந்து லெக் சைடில் சரிந்துகொண்டே போகும். ஒருநாள் மார்க்கில் நிற்கும்போது கேட்டேன்.

"இப்ப எங்க போடப் போற?"

"லெக் சைடுல போடக் கூடாதுண்ணா."

"அது போடக் கூடாத இடம். போடப் போற இடம் எது?"

யோசித்தான். பதில் இல்லை. மண்டை முழுக்க லெக் சைடுதான் இருந்தது. சைக்கிள் பழகுகிறவன் வழியிலிருக்கும் கல்லையே பார்த்துக்கொண்டு போனால் கல் மேலேதான் ஏற்றுவான். 'வைடு போடக் கூடாது' என்ற நினைப்பிலும் வைடுதான் இருக்கிறது. உடம்புக்கு 'கூடாது' என்பது கேட்பதில்லை. பாசிட்டிவாக யோசி என்று சொல்வதற்குப் பந்துவீச்சில் எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான அர்த்தம் இதுதான்: போடக் கூடாத பந்தை விட்டுவிட்டு, போடப் போகும் பந்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். 'ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, டிரைவ் ஆட இழுக்கிற லென்த், நன்றாகச் சுழற்றி.' போதும். விக்கெட் விழும் என்று நம்ப வேண்டியதில்லை. அது நம் கையில் இல்லாத சங்கதி. எட்ஜ் எடுத்தால் ஸ்லிப்பில் நிற்கிறவன் பிடிக்க வேண்டும், அவன் முந்தின நாள் கல்யாண வீட்டில் விடிய விடிய முழித்திருப்பான்.

திரும்பி நடக்கும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். இதையே காப்பியடிக்க வேண்டியதில்லை. பந்து கைக்கு வந்ததும் பேட்ஸ்மேனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவேன். முதல் இரண்டு மூன்று எட்டுக்குள் போன பந்தைப் பற்றி நினைக்க அனுமதி உண்டு: நினைத்த இடத்தில் விழுந்ததா, இல்லையா, ஏன். கோபம் வந்தால் அதற்கும் அங்கேயே இடம். மார்க்கை நெருங்கும்போது பந்தை இடது கையிலிருந்து வலது கைக்குச் சுழற்றிப் போட்டுப் பிடிப்பேன். அங்கே போன பந்து முடிந்தது. விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஃபீல்டை ஒருமுறை பார்ப்பேன். மார்க்கில் நின்று மூச்சை நீளமாக வெளியே விடுவேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் தோளை இறக்கும், பிடியைத் தளர்த்தும். கண் அந்த ஓர் இடத்துக்குப் போகும். வாக்கியம் ஒருமுறை மனதில் ஓடும். கிளம்பிவிடுவேன். ஓட ஆரம்பித்தபின் யோசனை கிடையாது. ஓடும்போது திட்டத்தை மாற்றுகிறவன் பாதி ஆஃப் பிரேக், பாதி ஆர்ம் பால் என்று இரண்டும் கெட்டானாக ஒன்றைப் போடுவான்.

இதெல்லாம் மெதுவாகச் செய்ய வேண்டும் என்றும் கிடையாது. ஜடேஜா மடமடவென்று ஓவரை முடித்துவிடுகிறார், பேட்ஸ்மேனுக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பதில்லை. அது அவருடைய தாளம். நல்ல பந்துக்குப் பிறகும் அடிபட்ட பந்துக்குப் பிறகும் அவர் வேகம் ஒன்றேதான், அதைக் கவனியுங்கள். நம் பையன்கள் விக்கெட் விழுந்தால் ஆற அமர நடப்பார்கள், சிக்ஸர் விழுந்தால் ஓடுவார்கள். எதிராளிக்கு நம் மனதை எழுதிக் காட்டுவது மாதிரிதான்.

ஸ்டூவர்ட் பிராட் இந்த விஷயத்தில் சாட்சி சொல்லத் தகுந்தவர். 2007 செப்டம்பரில் டர்பனில் யுவராஜ் சிங் அவருடைய ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தபோது அவருக்கு வயது 21. நாம் அதை யுவராஜின் கதையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இன்றும் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்க்கிறோம். மறுபக்கம் நின்றவருக்கு என்ன ஆனது? ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மனதைத் தயார்படுத்தும் ஒரு வழக்கம் அப்போது தன்னிடம் இல்லை, அவசரப்பட்டுவிட்டேன், அந்த இரவுக்குப் பிறகுதான் அதை உருவாக்கிக்கொண்டேன் என்று 2023இல் ஓய்வை அறிவித்தபோது பிராட் சொன்னார். இடையில் 604 டெஸ்ட் விக்கெட். 2015இல் டிரென்ட் பிரிட்ஜில் ஆஸ்திரேலியாவை 15 ரன்னுக்கு 8 விக்கெட் என்று சுருட்டியது அதே கை. டெஸ்டில் அவர் வீசிய கடைசிப் பந்திலும் விக்கெட்.

நம்மவர் ஒருவர் இன்னும் கொடுமையாகத் தாங்கினார். 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நான்கு ரன் வேண்டும். சேத்தன் சர்மா யார்க்கர் போடப் போனார், ஃபுல் டாஸாகிவிட்டது, மியாண்டட் சிக்ஸர் அடித்தார். அந்த ஒரு பந்தை வைத்தே இன்றுவரை அவரைப் பேசுகிறார்கள். அதே வருஷம் ஜூலையில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் அவர் 10 விக்கெட் எடுத்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1987இல் நாக்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அவருடையது, மூன்றுமே போல்டு. ரசிகர்களுக்கு அந்த சிக்ஸர் முடியவே இல்லை. பந்து போட்டவர் மூன்றே மாதத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

இதை ஒட்டி ஒரு சின்னப் பழக்கம் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் என் பையன்களிடம் எத்தனை விக்கெட் என்று கேட்பதில்லை. ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன்: போட்ட பந்துகளில் எத்தனை நினைத்த இடத்தில் விழுந்தன? நல்ல பந்தில் சிக்ஸர் போகும், கேடுகெட்ட லாங் ஹாப்பில் டீப் மிட்விக்கெட்டில் கேட்ச் விழும். ஸ்கோர் புத்தகம் முதலாவதைத் தண்டிக்கும், இரண்டாவதைப் பாராட்டும். அதை மட்டும் நம்பிப் போகிற பௌலருக்கு, எதைத் தொடர வேண்டும் எதை விட வேண்டும் என்பதே குழம்பிப்போகும். பிஷன் சிங் பேடி தன் பந்தில் சிக்ஸர் அடித்த பேட்ஸ்மேனுக்குக் கைதட்டுவார். அதைப் பெருந்தன்மை என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு கணக்கும் தெரிகிறது: என் பந்து சரிதான், நீயும் நன்றாக ஆடினாய், வா, மறுபடி அடித்துப் பார்.

பயிற்சி எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் நெட்ஸில் ஐந்தாறு பௌலர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் ஒரு பந்து போட்டுவிட்டு, பந்தைப் பொறுக்கி, அரட்டை அடித்து, தன் முறை வரும்போது அடுத்ததைப் போடுவான். ஓவர் என்ற ஒன்றே அங்கே இல்லை. அடி வாங்கியபின் உடனே போட வேண்டிய அந்த அடுத்த பந்து, ஆட்டத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற பந்து, பயிற்சியில் வரவே வராது. பிறகு ஆட்டத்தில் எப்படி வரும்? ஆறு பந்தும் ஒருவனே தொடர்ந்து போட வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஃபீல்டைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். அடித்த பந்து எங்கே போயிருக்கும் என்பதைப் பேட்ஸ்மேனும் பௌலரும் ஒத்துக்கொண்டு ரன் எழுத வேண்டும். சண்டை வரும், வரட்டும். கடைசி ஓவர், எட்டு ரன்னைக் காக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு போடுகிற ஓவரில் கை நடுங்கினால் நல்லது. நடுங்கும் கையோடு ஸ்டாக் பாலைப் போட்டுப் பழகிவிடலாம்.

அதற்குத் தனியாக ஸ்பாட் பௌலிங் வேறு உண்டு: பேட்ஸ்மேன் இல்லாமல், லென்த்தில் ஒரு கர்ச்சீப்பை விரித்து அதிலேயே போட்டுக்கொண்டிருப்பது. சலிப்பான வேலை. அதற்கு மாற்று எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இதையெல்லாம் செய்தும் ஒருவனுக்குப் பந்தே கையைவிட்டு வராமல் போகலாம். இதையும் சொல்லியாக வேண்டும். 2001இல் லார்ட்ஸில் நடந்த ஒரு கவுண்டி இறுதியாட்டத்தில் லெஸ்டர்ஷயரின் ஸ்காட் பாஸ்வெல் ஒரே ஓவரில் வைடுக்கு மேல் வைடு போட்டு, 14 பந்து வீசி ஓவரை முடித்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 'யிப்ஸ்' என்று சொல்கிறார்களே, அது. பந்தை எப்போது விடுவது என்பதைக் கை மறந்துவிடுகிறது. 2013இல் ஓவலில் சைமன் கெரிகன் என்ற இடது கை ஸ்பின்னர் முதல் டெஸ்டில் 8 ஓவரில் 53 ரன் கொடுத்தார். மறுபடி ஒரு டெஸ்ட் ஆடவேயில்லை. இந்த நிலையில் இருக்கிறவனிடம் போய் 'பாசிட்டிவாக இரு தம்பி' என்பது காலில் எலும்பு முறிந்தவனை ஓடச் சொல்வதற்குச் சமமான அறிவீனம். அவனுக்கு வேண்டியது ஓய்வு, பேசத் தெரிந்த மருத்துவரோ உளவியலாளரோ, அவசரமில்லாத ஒரு கோச்.

எழுதிக்கொண்டே வந்ததில் நம்பிக்கை ஏதோ பௌலர் தனியாகச் சமைத்துக்கொள்கிற பொருள் மாதிரி தொனித்துவிட்டது. அப்படியல்ல. பாதிக்கு மேல் அது மற்றவர் கையில் இருக்கிறது.

1992 ஆகஸ்ட், கொழும்பு எஸ்எஸ்சி மைதானம். இலங்கைக்கு 181 ரன் வேண்டும், 2 விக்கெட்டுக்கு 127 எடுத்துவிட்டார்கள். பிறகு விக்கெட்டுகள் சரிந்தாலும் ஆட்டம் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலிய கேப்டன் ஆலன் பார்டர் அந்த நேரத்தில் பந்தை ஷேன் வார்னிடம் கொடுத்தார். வார்ன் அப்போது யார்? முதல் டெஸ்டில் 150 ரன்னுக்கு ஒரு விக்கெட் எடுத்தவர், அதற்குப் பிறகு விக்கெட்டே எடுக்காதவர். கணக்குப் பார்க்கிற எந்த கேப்டனும் கொடுத்திருக்க மாட்டார். வார்ன் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் கடைசி மூன்று விக்கெட்டையும் எடுத்தார். ஆஸ்திரேலியா 16 ரன்னில் ஜெயித்தது. 708 விக்கெட்டின் கதையில் அந்த மூன்று இல்லையென்றால் மிச்சம் எப்படிப் போயிருக்குமோ.

கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரனுக்கு 1995 மெல்போர்ன் டெஸ்டில் அம்பயர் டேரல் ஹேர் ஏழு முறை நோ-பால் சொன்னார், கை மடங்குகிறதென்று. அத்தனை ஆயிரம் பேர் முன்னால். கேப்டன் ரணதுங்கா அவரை ஒளித்துவைக்கவில்லை. முனையை மாற்றி, அடுத்த அம்பயர் நிற்கும் பக்கத்திலிருந்து தொடர்ந்து போட வைத்தார். மைதானத்தில் அந்த மனிதருக்குக் கிடைத்த செய்தி: நீ எங்கள் பௌலர், போடு. 800 விக்கெட் என்ற கணக்கு அதற்கப்புறம்தான் நிறைந்தது. நம் சின்னப்பம்பட்டி நடராஜனும் 2015இல் ரஞ்சியில் நுழைந்த கையோடு ஆக்‌ஷன் சந்தேகத்துக்குள்ளாகி வெளியே உட்கார்ந்தார். கூட நின்று ஆக்‌ஷனைத் திருத்திக் கொடுத்தவர்கள் இருந்ததால்தான் 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் வரை அந்த யார்க்கர் போனது.

அப்படி யாரும் கூட நிற்காத கதையும் சென்னையிலேயே இருக்கிறது. லட்சுமண் சிவராமகிருஷ்ணன் 17 வயதில் டெஸ்ட் ஆடினார். 1984இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட். எங்கள் தலைமுறைக்கு லெக் ஸ்பின் என்றால் சிவா. கடைசி டெஸ்ட் ஆடும்போது அவருக்கு வயது 20. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். ஃபார்ம் போனது, ஃபிளைட் போனது என்று அப்போது எழுதினார்கள். தன் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்ததும், அது தன்னை உடைத்ததும் பற்றி அவரே பல வருஷம் கழித்து வெளிப்படையாகப் பேசினார். அதைக் கேட்டபிறகு எனக்கு அந்த எண்களைப் படிக்கும் விதமே மாறிவிட்டது. இருபது வயதுப் பையனின் விரலில் இருந்த வித்தை எங்கும் போயிருக்காது. அதைப் போட விடுகிற மனதைச் சுற்றியிருந்தவர்கள் கலைத்துவிட்டார்கள்.

அதனால் கேப்டன்களுக்கும் கோச்சுகளுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பையன் ஒரு ஓவரில் இரண்டு சிக்ஸர் வாங்கினால் மிட்-ஆஃபிலிருந்து எதையும் கத்தாதீர்கள். ஓவர் முடிந்ததும் பக்கத்தில் போய், அடுத்த ஓவரில் முதல் பந்தை எங்கே போடப் போகிறாய், அதற்கு ஃபீல்டர் எங்கே வேண்டும் என்று கேளுங்கள். அவன் சொல்லும் இடத்தில் ஃபீல்டரை நிறுத்துங்கள். பிறகு அந்த அடுத்த ஓவரை அவனுக்கே கொடுங்கள்.